லினக்ஸ் ஏறிவிட்டது, வைஃபைதான் வரவில்லை

விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே உபுண்டு என்ற லினக்ஸையும் போட்டுக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்கு. வைஃபை சின்னம் கண்ணில் பட்டபோது திங்கள் இரவு பதினொன்றரை.

பென்டிரைவில் ஐஎஸ்ஓவை (உபுண்டுவை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) எழுதியது, சி டிரைவைச் சுருக்கி 80 ஜிபி ஒதுக்கியது எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க மட்டும் மறக்காதீர்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது, அரைத்தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது.

முதல் அடி இன்ஸ்டாலரில் விழுந்தது. எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கும் பக்கத்தில் என் 512 ஜிபி எஸ்எஸ்டியைக் காணோம். நான் செருகியிருந்த பென்டிரைவ் மட்டும்தான் பட்டியலில் இருந்தது. எஸ்எஸ்டி போய்விட்டதோ என்று வயிறு கலங்கியது. விண்டோஸுக்குத் திரும்பிப் பார்த்தால் அங்கே சமர்த்தாக ஓடுகிறது. பயாஸைத் (விண்டோஸ் எழும்பும் முன் வரும் மதர்போர்டு செட்டிங்ஸ்) துருவியபோதுதான் விஷயம் தெரிந்தது: ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ஏற்பாடு) முறையில் இருந்தது. ஒரே ஒரு டிஸ்க் இருக்கிற லேப்டாப்புக்கு ரெய்டு எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள், வாங்கும்போதே அப்படித்தான் வந்தது. அந்த முறையில் டிஸ்க் கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றினால் லினக்ஸ் கண்ணில் படும். (சில மாடல்களில் அந்த ஆப்ஷனே தெரியாது. பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வெளியே வருவதுண்டு.)

மாற்றினேன். டிஸ்க் தெரிந்தது. விண்டோஸ் போய்விட்டது.

முதலில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீயைக் கேட்டது. என் லேப்டாப்பில் பிட்லாக்கர் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். நல்லவேளை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் கீ சேமிக்கப்பட்டிருந்தது. ஃபோனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, தொகுதிக்கு ஆறு வீதம் எட்டுத் தொகுதி, மொத்தம் 48 எண்களையும் அடித்தேன். ஐந்தாவது தொகுதியில் ஒரு தடவை தப்பு. எல்லாம் அடித்து முடித்தால் பரிசாக ஒரு நீலத் திரை: 'இன்ஆக்செஸிபிள் பூட் டிவைஸ்'.

நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன். முதலில் விண்டோஸில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். அப்புறம் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் டூலில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது நேராக பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் தனக்கு வேண்டிய டிரைவரை ஏற்றிக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம். பழைய முறைக்கே திரும்பிப் போய் இந்த வரிசையில் செய்தேன். பத்து நிமிடம்.

உபுண்டு இருபது நிமிடத்தில் ஏறியது. எதைத் திறப்பது என்று தொடக்கத்தில் கேட்கும் க்ரப் மெனுவில் இரண்டு பெயரும் வந்தன. வைஃபை மட்டும் வரவில்லை.

உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்தால் வைஃபை சிப்பின் பெயர் வருகிறது, அதற்குக் கீழே டிரைவர் என்ற வரியே இல்லை. லினக்ஸின் மையமான கர்னலில் இந்தச் சிப்புக்கு டிரைவர் இன்னும் சேரவில்லை, சோர்ஸை எடுத்து நாமே கம்பைல் செய்ய (ஓடும் வடிவுக்கு மாற்ற) வேண்டும். அதற்கு கம்பைலரும் கர்னல் ஹெடரும் வேண்டும். அவற்றை இறக்க இன்டர்நெட் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். லேப்டாப்பில் லேன் போர்ட்டும் கிடையாது. கடைசியில் காப்பாற்றியது ஃபோனும் சார்ஜர் கேபிளும்தான். யுஎஸ்பி டெதரிங்கைப் (ஃபோனின் இன்டர்நெட்டைக் கேபிள் வழியாகத் தருவது) போட்டதும் எந்த டிரைவரும் கேட்காமல் ஒயர்டு கனெக்‌ஷனாக எடுத்துக்கொண்டது.

கர்னல் மாறும்போது டிரைவரைத் திரும்பக் கம்பைல் செய்துகொள்ளும் டிகேஎம்எஸ் வழியாக டிரைவரைக் கம்பைல் செய்தேன். நடுவில் செக்யூர் பூட்டுக்கென்று (கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் எழ விடும் பாதுகாப்பு) ஒரு பாஸ்வேர்டு கேட்டது. ஏதோ ஒன்றை அடித்து ஓகே கொடுத்தேன். ரீபூட் ஆனபோது மறுபடி ஒரு நீலத் திரை, 'எம்ஓகே மேனேஜ்மென்ட்' என்று. சனிக்கிழமை பார்த்த நீலமே போதும் என்ற பயத்தில், படித்துக்கூடப் பார்க்காமல் முதல் வரியிலிருந்த 'கன்டினியூ பூட்'டைத் தட்டிவிட்டேன்.

ஞாயிறு முழுக்க அதற்குக் கொடுத்த விலை. நான்கு முறை கம்பைல் செய்தேன், ஒரு எரர் கிடையாது, வைஃபையும் கிடையாது. திங்கள் இரவு மோட்ப்ரோப் கட்டளையால் டிரைவரைக் கையால் ஏற்றிப் பார்த்தபோதுதான் வாயைத் திறந்தது: 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'.

செக்யூர் பூட் இருக்கும்போது கையெழுத்தில்லாத டிரைவரைக் கர்னல் ஏற்காது. நாம் கம்பைல் செய்ததற்கு நம் கணினியே ஒரு கீ உருவாக்கிக் கையெழுத்துப் போடுகிறது. அந்தக் கீயை (எம்ஓகே என்பது இதுதான்) நம்பலாம் என்று எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருமுறை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நீலத் திரை கேட்டது அதைத்தான். அதைத் தாண்டிவிட்டால் கோரிக்கையே ரத்து, தானாகத் திரும்ப வராது. 'மோக்யூட்டில்' என்ற கட்டளையில் இம்போர்ட் கொடுத்து நாமேதான் வரவழைக்க வேண்டும்.

வரவழைத்தேன். இந்த முறை 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்', பாஸ்வேர்டு, ரீபூட். பாஸ்வேர்டை வெறும் எண்களாக எட்டு இலக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரையில் கீபோர்டு லேஅவுட் மாறியிருக்கலாம், நீங்கள் அடிக்கும் குறி வேறாக விழும். லாகின் பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இந்த ஒரு தடவையோடு சரி.

செக்யூர் பூட்டையே அணைத்தால் ஒரு நிமிட வேலை என்பார்கள். உண்மைதான். ஆனால் பிட்லாக்கர் மறுபடி அந்த 48 எண்களைக் கேட்கும் என்ற பயம் எனக்கு.

விண்டோஸில் கடிகாரம் தப்பாகக் காட்டியது தனிக்கதை. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது, யுடிசி (உலகப் பொது நேரம்) என்று லினக்ஸ் நினைக்கிறது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் ஒரு வரி, முடிந்தது. கைரேகை சென்சாருக்கு இன்னும் வழி தெரியவில்லை.

நேற்று கர்னல் அப்டேட் வந்தது. ஃபோன் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ரீஸ்டார்ட் செய்தேன். டிகேஎம்எஸ் புதுக் கர்னலுக்கும் டிரைவரைத் தானே கம்பைல் செய்து வைத்திருந்தது, வைஃபை வந்துவிட்டது. கேபிளை இன்னும் மேசையிலிருந்து எடுக்கவில்லை.