மலிவு விலைப் பிஸ்டலில் எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்

மலிவு விலையில் சிறிய பிஸ்டல் ஒன்றை வாங்கியவர்கள் பலரும், அதை ஒழுங்காகச் சுட்டுப் பழகுவதற்கு முன்பே மாற்று உதிரிபாகங்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ட்ரிகர், ஸ்பிரிங், குழல், சைட் (குறிபார்க்க உதவும் முன், பின் பாகங்கள்), பிடியுறை என்று பட்டியல் நீண்டு, கடைசியில் பாகங்களுக்கான செலவு பிஸ்டலின் விலையையே தாண்டிவிடுகிறது. கண்ணும் கையும் நேரடியாகப் பயன்படுத்தும் பாகங்களில் செலவு செய்யலாம், தோட்டாவை வெடிக்கச் செய்வதும் தவறுதலாக வெடிக்காமல் காப்பதுமான உட்பாகங்களைத் தொழிற்சாலை தந்தபடியே விட்டுவிடலாம் என்பதே என் நிலைப்பாடு.

இதற்குக் காரணம், உற்பத்தியாளர் எந்த இடத்தில் சிக்கனம் பிடிக்கிறார் என்பதில் இருக்கிறது. பிரேசில் நிறுவனமான டாரஸின் ஜி2சி இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: 9 மி.மீ. தோட்டா, 12 தோட்டா கொள்ளும் மேகசின், 3.2 அங்குலக் குழல், பாலிமர் சட்டகம். 9 மி.மீ. தோட்டாவுக்கு துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் சோதிக்கும் சிஐபி அமைப்பின் ஐரோப்பிய விதி அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 2,350 பார். அதைத் தாங்க வேண்டிய குழலிலும், சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகமான ஸ்லைடிலும் எந்த நிறுவனமும் துணிந்து கைவைக்க முடியாது. ஆகவே மிச்சம் பிடிப்பதெல்லாம் பிளாஸ்டிக் சைட், மேற்பூச்சு, உள்விளிம்புகளின் மெருகு போன்றவற்றில்தான் நடக்கிறது. குழலை மாற்றுவதில் பெரிய பயன் இல்லை என்பதும் இதனாலேயே விளங்கும். பத்து மீட்டரில் அந்தக் குழல் காட்டும் துல்லியம், நின்றபடி சுடும் பெரும்பாலோரின் கை காட்டும் துல்லியத்தைவிட மேலானது.

முதல் செலவு சைட்டுக்கே போக வேண்டும். பல மலிவு மாடல்களில் வரும் மூன்று வெள்ளைப் புள்ளி பிளாஸ்டிக் சைட்டில் மூன்று புள்ளிகளும் ஒரே பளிச்சுடன் தெரிவதால், கண் எதைப் பிடிப்பது என்று தடுமாறுகிறது. பின்சைட் வெறும் கறுப்பாகவும், முன்சைட் ஆரஞ்சு அல்லது பச்சை வளையத்துடனும் இருந்தால் பார்வை தானாகவே முன்சைட்டுக்குப் போய்விடும். பகலில் மட்டும் பயிற்சி செய்பவருக்கு ஃபைபர் ஆப்டிக் இழை போதுமானது, ஆனால் வெளிச்சம் இல்லாத இடத்தில் அது வெறும் குச்சிதான். இருட்டிலும் ஒளிர வேண்டுமானால் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த குப்பி வைத்த சைட் வேண்டும். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள் என்பதால், பழைய இருப்பிலிருந்து வாங்கும்போது அதன் தயாரிப்பு ஆண்டைப் பார்த்து வாங்குவது நல்லது. ஜி2சிக்குப் பின் வந்த ஜி3சி, க்ளாக் பிஸ்டலுக்கான சைட்டுகளை ஏற்கும்படி அமைந்திருப்பதால் அதற்குத் தேர்வுகள் ஏராளம். பிஸ்டலை வாங்கும் முன்பே கவனிக்க வேண்டிய விஷயம் இது.

சைட்டின் உயரத்தைக் கணக்குப் போட்டே வாங்க வேண்டும். தோட்டா குறிக்குக் கீழே விழுந்தால் முன்சைட்டின் உயரம் குறைய வேண்டும், மேலே போனால் கூட வேண்டும். எவ்வளவு என்பதற்கு எளிய வழி உண்டு: விலகலை இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலான நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால் போதும். சைட் இடைவெளி 135 மி.மீ. உள்ள பிஸ்டல் பத்து மீட்டரில் 50 மி.மீ. தாழ்வாகச் சுடுகிறது என்றால், முன்சைட் ஏறத்தாழ 0.7 மி.மீ. குறைய வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த வேறுபாடுதான் இலக்கில் இரண்டு விரல் அகலத்துக்கும் மேலாகத் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் இறங்கும் முன், தாங்கியின்மேல் பிஸ்டலை வைத்துச் சுட்டு, தாழ்வு சைட்டால் வருகிறதா, ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பதால் வருகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணமாக இருக்கும்.

ஸ்லைடில் டவ்டெயில் எனப்படும் சாய்விளிம்புப் பள்ளத்தில் இறுக்கமாக அமர்ந்திருக்கும் சைட்டைக் கழற்றுவதற்குப் பொறுமை தேவை. மேகசினை எடுத்து, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, ஸ்லைடைத் தனியே கழற்றி, மென்தாடை உள்ள வைஸில் பிடித்து, சைட்டின் இருபுறமும் ஸ்லைடில் டேப் ஒட்டிக்கொள்வேன். பித்தளை அல்லது நைலான் பஞ்ச் கொண்டு சைட்டின் அடிப்பாகத்தில் தட்ட வேண்டும். மேல்பகுதியில் தட்டினால் சைட் நகர்வதற்கு முன் வளைந்துவிடும். சைட் தள்ளும் கருவி கிடைத்தால் சுத்தியலே வேண்டாம்.

ஒளிப்புள்ளியைக் காட்டிக் குறிபார்க்க உதவும் மின்சைட்டான ரெட் டாட் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 6 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) அளவுள்ள புள்ளி பத்து மீட்டரில் சுமார் 17 மி.மீ. இலக்கை மறைக்கும். சிறிய பிஸ்டலின் பயன்பாட்டுத் தூரத்துக்கு இது ஒரு குறையே அல்ல, சின்னப் புள்ளியைவிட விரைவாகக் கண்ணில் படும் என்பதால் நன்மையே. ஆனால் ஸ்லைடில் அதற்கான இடம் தொழிற்சாலையிலேயே வெட்டப்பட்டிருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். ஜி3சியின் டோரோ வகை அப்படி வருகிறது. வெட்டப்படாத ஸ்லைடை மெஷினிங்கிற்குக் கொடுத்து, அதற்கு மேல் ரெட் டாட்டும் வாங்கும் செலவில் வேறொரு நல்ல பிஸ்டலே கிடைத்துவிடலாம். பொருத்தும்போது திருகின் எண்ணெய்ப் பசையை முழுதாகத் துடைத்து, திருகு தளராமல் காக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு துளி விட்டு, உற்பத்தியாளர் சொல்லும் முறுக்கத்தில் இறுக்கி, திருகுத் தலையிலிருந்து உடல்வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், பிறகு திருகு தளர்ந்ததா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

அதிகமாக விற்பனையாவதும், எனக்கு அதிக ஐயம் தருவதும் ட்ரிகர் பாகங்கள்தான். இழுவை லேசாக வேண்டும் என்பதற்காக ஸ்ட்ரைக்கர் எனும் அடிக்கும் ஊசியின் ஸ்பிரிங்கை மென்மையானதாக மாற்றினால், அதன் அடி பலவீனமாகி, கடினமான பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள தீப்பொறி மூடி) உள்ள தோட்டா வெடிக்காமல் போகலாம். அலுமினிய அலங்கார ட்ரிகர் பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் பிஸ்டல் கீழே விழும் கணத்தில் ட்ரிகரின் எடையே அதைப் பின்னோக்கி இழுக்கக்கூடும். 2017 ஆகஸ்டில் சிக் சாவர் நிறுவனம் தன் பி320 பிஸ்டலுக்கு விருப்பச் சீரமைப்பை அறிவித்தபோது, மாற்றிய பாகங்களில் எடை குறைந்த ட்ரிகரும் ஒன்று. பெரிய நிறுவனமே சோதித்துத் திருத்த வேண்டியிருந்த விஷயத்தில், பெயர் தெரியாத பட்டறையின் பாகத்தை நம்பி இறங்க எனக்கு மனம் வரவில்லை. சுட்டுப் பழகப் பழகவும், காலி சேம்பருடன் செய்யும் உலர் பயிற்சியாலும் தொழிற்சாலை ட்ரிகரின் கரகரப்பு பெருமளவு குறைந்துவிடுகிறது. ட்ரிகர் இணைப்புகளைத் தேய்த்து மெருகேற்றும் வேலையைத் தகுதி பெற்ற கன்ஸ்மித் எனும் துப்பாக்கிப் பணியாளரிடமே விட வேண்டும்.

பின்வாங்கிய ஸ்லைடை மீண்டும் முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் விஷயமும் ஏறக்குறைய இதுவே. கூடுதல் விசையுள்ள ஸ்பிரிங் அதிர்வைக் குறைக்கும் என்று நினைத்துப் போட்டால், மென்மையான பயிற்சித் தோட்டாவில் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல், சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியேறும் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். அந்த ஸ்பிரிங்கின் உள்ளே இருக்கும் கைடு ராட் ஸ்டீலில் இருந்தால் முன்பக்கத்தில் சற்றே எடை சேர்க்கும், வேறு அற்புதம் எதுவும் செய்யாது. உற்பத்தியாளர் சொல்லும் எண்ணிக்கைக்குப் பிறகு அதே அளவு ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றுவதே உண்மையான மேம்பாடு.

மேகசின்தான் பலரும் மறக்கும் பாகம். தானியங்கு பிஸ்டலின் அடைப்புகளில் கணிசமானவை மேகசினின் உதடும் (தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல்விளிம்பு) ஸ்பிரிங்கும் செய்யும் வேலை. ஆகவே அசல் மேகசின்கள் இரண்டு கூடுதலாக வாங்கி, ஒவ்வொன்றிலும் எண் எழுதிவைத்தால், எது தகராறு செய்கிறது என்பது தெரிந்துவிடும். சுண்டுவிரல் ஊன்ற இடம் தரும் நீட்சிப் பட்டை பெரிய கைக்காரர்களுக்கு நல்ல துணை. ஆனால் கொள்ளளவைக் கூட்டும் நீட்சிக்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு உண்டு, முதலில் அதைப் பார்க்க வேண்டும். வியர்க்கும் கைக்கு, வெட்டி ஒட்டும் சொரசொரப்பான டேப் போதும். சூடான சால்டரிங் அயர்னால் பாலிமரில் புள்ளியிடும் ஸ்டிப்ளிங்கைத் திரும்ப அழிக்க முடியாது.

பிஸ்டலை வைத்துக்கொள்ளும் உறையைப் (ஹோல்ஸ்டர்) பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ட்ரிகர் கார்டை முழுதாக மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை, நான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அவசியமானது. டார்ச்சோ ரெட் டாட்டோ சேர்த்தால் பழைய உறையில் பிஸ்டல் நுழையாது என்பதால், அந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும், பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவில் குறைந்தது 200 சுட்டு, அடைப்பே வராமல் ஓடினால் மட்டும் அந்தப் பாகம் பிஸ்டலில் இருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றக்கூடாது, கோளாறு வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. கழற்றிய அசல் பாகங்களை மாடல் பெயர் எழுதிய கவரில் போட்டு வைக்கவும். உத்தரவாதச் சேவைக்கு அனுப்பும்போது அவற்றைத் திரும்பப் பொருத்தியே அனுப்ப வேண்டியிருக்கும்.