கார்னூஸ்டியில் சில நாள்

ஜூன் 11

மாலையில் மட்டை இல்லாமல் கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி நடந்தேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இந்த மாதம் இரவு ஒன்பதுக்கும் நல்ல வெளிச்சம். உலகின் கடினமான மைதானங்களில் ஒன்று என்கிறார்கள். பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பெரிய மணல்மேடு இல்லை, பல இடங்களில் கடலே கண்ணில் படவில்லை. அழகு தேடி வருகிறவர்கள் வேறு ஊர் பார்க்கலாம்.

ஜூன் 12

காற்று வந்ததும் புரிந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஆட்டம் ஒரு பக்கமாகப் போய் மறு பக்கமாகத் திரும்பும். காற்றை ஒருமுறை எடைபோட்டால் பாதி ஆட்டத்துக்காவது தாங்கும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஹோல்கள், அதாவது ஆட்டம் தொடங்கும் டீயிலிருந்து குழி வரையுள்ள தடங்கள், அடிக்கடி திசை மாறுகின்றன. முதுகைத் தள்ளிய காற்று அடுத்ததிலேயே கன்னத்தில் அறைகிறது. அதே 150 கஜத்துக்கு ஓரிடத்தில் 9-அயர்ன் மட்டை, இன்னோரிடத்தில் அதைவிடத் தூரம் அடிக்கும் 5-அயர்ன்.

எதிர்க்காற்றில் ஓங்கி அடிப்பதுதான் கெடுதல். பின்சுழற்சி கூடி, பந்து மேலே மேலே ஏறி, அங்கேயே செத்து விழும். பெரிய அயர்னை எடுத்து, பந்தைப் பின்காலுக்குக் கொஞ்சம் அருகில் வைத்து, முக்கால் வீச்சு. தரை இறுகிக் கிடப்பதால் மீதித் தூரத்தைப் பந்து உருண்டே போய்விடும். "மெதுவா, இன்னும் மெதுவா" என்று மட்டைப்பை சுமக்கும் கேடி சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்து ராணுவப் பயிற்சித் திடலில் துப்பாக்கிகள் வெடிக்க, பந்தைக் குழிக்கு உருட்டி பட் பண்ணும்போது மெதுவாக இருப்பது எப்படியாம்!

6-ஆவது ஹோலுக்கு அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் பெயர். இடப்பக்கம் எல்லை வேலி, நடுவில் பங்கர்கள் எனும் மணற்குழிகள். 1953-இல் அவர் இரண்டுக்கும் இடையிலான குறுகிய சந்தில் அடித்தார் என்பார்கள். அவர் ஆடிய ஒரே பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி அது, கோப்பையும் அவருக்கே. நான் வலப்பக்கம் போனேன். அந்தச் சந்து நமக்கில்லை.

ஜூன் 13

கடலிலிருந்து மூடுபனி. பட்டிங் பயிற்சி மட்டும்.

ஜூன் 14

கடைசி மூன்று ஹோல்தான் கார்னூஸ்டி. 16 பார்-3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது, ஆனால் போட்டி டீயிலிருந்து ஏறத்தாழ 250 கஜம். 1975 ஓப்பனில் டாம் வாட்சன், சமநிலையை முறிக்கும் பிளேஆஃப் உட்பட, ஐந்து சுற்றிலும் இங்கே பார் எடுக்கவில்லை. கோப்பையை மட்டும் வென்றார். 17-இலும் 18-இலும் பாரி பர்ன் ஓடை வளைந்து வளைந்து குறுக்கே வருகிறது. எங்கே அடித்தாலும் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

1999-இல் ழான் வான் டி வெல்டுக்குக் ஓப்பனை வெல்லக் கடைசி ஹோலை 6 அடியில் முடித்தால் போதும். 7 எடுத்தார். காலணியைக் கழற்றி ஓடையில் இறங்கி நின்ற படத்தை வைத்து அவரைக் கேலி செய்கிறவர்கள் இங்கே ஒருமுறை நின்று பார்க்கட்டும். அவருடைய இரண்டாவது அடி பார்வையாளர் மேடைக் கம்பியில் பட்டுத் திரும்பியது. அது யார் கையிலும் இல்லை. அன்று காலை அடிகளின் எண்ணிக்கையில் பத்து பின்தங்கியிருந்த பால் லாரி பிளேஆஃபில் வென்றார். 2007-இல் பாட்ரிக் ஹாரிங்டன் இதே ஹோலில் இருமுறை ஓடையில் போட்டும் கோப்பை வாங்கினார். ஒரே தண்ணீர், இரண்டு தீர்ப்பு.

நான் ஓடைக்கு முன்னாலேயே பந்தை நிறுத்தினேன். கேடிக்கு அதில் சம்மதம். கூட ஆடியவருக்கு இல்லை. தூரம் அடிக்கும் 3-வுட் மட்டையை எடுத்துத் தாண்டப் பார்த்தார், தாண்டியும்விட்டார். சிரித்துக்கொண்டே போனவர் குழியைச் சுற்றிய கிரீனில் மூன்று பட் எடுத்து என்னோடு சமனானார்.