பிளக் ஏன் சுட்டது? சமையலறை வயரிங்கை மாற்றிய அனுபவம்

முதலில் வந்தது வாடைதான். இன்டக்‌ஷன் அடுப்பு அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. "என்னடா, மீன் வாடை அடிக்குது?" என்று அம்மா கேட்டார். வீட்டில் மீனே கிடையாது. மோந்து மோந்து தேடி, கடைசியில் அடுப்பின் பிளக்கைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. சுவிட்சை அணைத்து, ஆறிய பிறகு உருவினேன். ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. சாக்கெட்டின் துளையும் அதே நிறம். சுவிட்ச், சாக்கெட் செய்யும் சிலவகைப் பிளாஸ்டிக் அதிகம் சூடானால் மீன் வாடைதான் வருமாம். அன்றைக்கு அம்மாவின் மூக்கு எங்களைக் காப்பாற்றியது.

எனக்குப் புரியாமல் போனது வேறு. இவ்வளவு சூடாகியும் எம்சிபி, அதாவது கரண்ட் அதிகமானால் தானாக அணையும் சுவிட்ச், ஏன் டிரிப் ஆகவில்லை?

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியனிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். "எம்சிபி, தன் வழியா எவ்வளவு கரண்ட் போகுதுன்னுதான் பார்க்கும் தம்பி. பிளக் சுடுறது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். என் அடுப்பு 2000 வாட். 230 வோல்ட்டில் அது இழுப்பது 8.7 ஆம்பியர். தொடுப்பு இறுக்கமாக இருந்தாலும் தளர்ந்திருந்தாலும் கரண்ட் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் தளர்ந்த இடத்தில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலே, அந்த ஒரு புள்ளியில் மட்டும் 7.6 வாட் சூடு உருவாகும். ஈயத்தை உருக்கும் சின்ன சால்டரிங் அயன் 15 வாட்தான். அதில் பாதி, ஒரு பின்னின் முனையில். சூட்டில் பித்தளை கறுக்கும், பிடிக்கும் தகட்டின் விறைப்பு போகும், தடை இன்னும் ஏறும். ஒரு நாளில் நடப்பதில்லை இது. மாதக்கணக்கில் உள்ளே புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மெயினை அணைத்து, மீட்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகே சாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே பார்த்தது எனக்கு நிஜமாகவே பயம் தந்தது. சமையலறை மேடை முழுவதற்கும் ஒரே சர்க்யூட். வயர் 1.5 சதுர மில்லிமீட்டர். சுவருக்குள் குழாயில் போகும்போது அந்த வயர் தாங்குவது, பதித்த விதத்தைப் பொறுத்து 14 முதல் 17 ஆம்பியர் வரைதான். ஆனால் எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸில் இருந்தது 25 ஆம்பியர் எம்சிபி. அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று யாரோ பெரியதாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுப்பு, 2200 வாட் ஓவன், 1500 வாட் கெட்டில் மூன்றும் சேர்ந்து ஓடினால் 24.8 ஆம்பியர். அந்த எம்சிபி அதை நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். வெந்து சாவது வயர்தான். எம்சிபி டிரிப் ஆனால் அதைப் பெரிதாக்குவது தீர்வே இல்லை. அதன் வேலை வயரைக் காப்பது; வயர் தாங்குவதைவிடப் பெரியதை மாட்டினால் அந்தக் காவல் போய்விடுகிறது.

இன்னொன்றும் கிடைத்தது. எர்த் வயர் பெட்டிக்குள் வரை வந்திருந்தது, ஆனால் சாக்கெட்டில் முடுக்கப்படவே இல்லை. ஓவனின் உடம்பைத் தொட்டால் சில நாட்களாக விரலில் சுருசுருவென்று இருந்ததன் காரணம் அதுதான்.

சரி, மொத்தமாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். முதல் வேலையாக ஒவ்வொரு சாதனத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் அளவையும் ஒரு தாளில் எழுதி 230-ஆல் வகுத்தேன். அதை வைத்துப் பிரித்தோம். அடுப்புக்குத் தனியாக, ஓவனுக்குத் தனியாக, மேடையில் உள்ள மற்றவற்றுக்கு ஒன்று என்று மூன்று சர்க்யூட். மூன்றுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், தலா 16 ஆம்பியர் எம்சிபி. பிற்காலத்தில் மேடையில் பதிக்கும் 7000 வாட் அடுப்பு வாங்க ஆசை இருப்பதால், அதற்கு 6 சதுர மில்லிமீட்டர் வயரையும் இப்போதே குழாயில் இழுத்து வைத்தோம். அது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பிளக்கில் மாட்டவே கூடாது, தனி ஐசோலேட்டர் சுவிட்ச் வழியாக நேராக இணைக்க வேண்டும். சாக்கெட்டுகளைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் அடுப்புக்கு நேர் மேலிருந்தும் விலக்கி வைத்தோம்.

அவர் அதிக நேரம் செலவிட்டது ஸ்க்ரூக்களில். இன்சுலேஷனை அளவாகச் சீவி, ஓர் இழைகூட அறுபடாமல் பார்த்து, முனையில் லக் எனும் உலோக மூடி போட்டு அழுத்தி, முடுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தார். "ஈயம் பத்த வைத்தால் இன்னும் கெட்டியா இருக்காதா அண்ணா?" என்று கேட்டேன். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கி விலகிவிடும், பிறகு அதே தளர்ச்சிதான் என்றார். இத்தனைக்கும் காரணமே ஒரு தளர்ந்த இடம் என்பதால், அவர் நிதானத்தைப் பார்க்கப் பார்க்க மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

கடைசியாக, கரண்ட் கசிந்தால் தானாக அணையும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்பாவிட்டால் 0.3 நொடிக்குள் துண்டிக்கும். எர்த் இருந்தால், கசிவு தொடங்கியதுமே அது வேலை செய்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கசிந்த பிறகுதான். அதனால் இரண்டும் வேண்டும்.

இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவி வைத்து 500 வோல்ட்டில் வயர்களைச் சோதித்தார். எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் ஓவனை ஆன் செய்ததும் ஆர்சிசிபி டிரிப் ஆகி விழுந்தது. மறுபடி போட்டோம், மறுபடி விழுந்தது. ஓவனை மட்டும் மெகரில் பார்த்தபோது ஹீட்டர் கம்பியின் இன்சுலேஷன் மிகக் குறைவு. அந்தக் கம்பிக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி, பயன்படுத்தாமல் கிடந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம். ஆர்சிசிபியைத் தாண்டி இணைத்துச் சூடேற்றிவிடலாம் என்று பக்கத்தில் இருந்த ஒருவர் யோசனை சொன்னார். அம்மா கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார். ஓவன் சர்வீசுக்குப் போய், கம்பி மாறி, பத்து நாள் கழித்து வந்தது. அப்புறம் விழவில்லை.

ஒரு மாதம் பொறுத்து எலக்ட்ரீஷியன், சொன்னபடியே மறுபடி வந்தார். மெயினை அணைத்து எல்லா ஸ்க்ரூக்களையும் தொட்டுப் பார்த்தார். அடுப்புச் சாக்கெட்டின் நியூட்ரல் ஸ்க்ரூ மட்டும் இன்னும் கால் சுற்று உள்ளே போனது.