தாலுகா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர்: பிள்ளையை இழந்த பெற்றோர் கேட்டுப் பெறும் வழி

பிள்ளையைத் தற்கொலையில் பறிகொடுத்த வீட்டிலிருந்து போகும் முதல் மனு பெரும்பாலும் பத்துப் பக்கம் இருக்கும். பிள்ளை பிறந்ததிலிருந்து கடைசி நாள் வரை எல்லாம் அதில் இருக்கும். "மனநல வசதியை மேம்படுத்த வேண்டும்" என்ற வரி கடைசிப் பத்தியில் வரும். மனுவைப் பிரிப்பவர் கண்ணில் படுவது மரணம்தான், அதனால் அது காவல் துறைக்குப் போய்விடுவதும் உண்டு. சில வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு அழைப்பு வரும். ஆறாத புண்ணில் இன்னொரு அடி அது.

கோரிக்கையை ஒரு வரியில் அடக்குங்கள்: "எங்கள் தாலுகா மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் மனநல வெளிநோயாளர் பிரிவு நடக்க வேண்டும்." நடந்ததா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்க முடிகிற கோரிக்கையாக இருக்கட்டும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலருக்கு மாதங்கள் வீணாகின்றன. தமிழ்நாட்டில் தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை இரண்டும் இணை இயக்குநர் நலப்பணிகள் அலுவலகத்தின் கீழ் வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் அதன் முதல்வர். தாலுகா மருத்துவமனைக்கான மனுவைக் கல்லூரி முதல்வருக்கு எழுதினால் "எங்கள் அலுவலகத்தைச் சார்ந்ததல்ல" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும்.

மனுவுக்கு முன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "ஏன் மருத்துவர் இல்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் அது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். ஏட்டில் இருப்பதைக் கேளுங்கள்: மாவட்ட மனநலத் திட்டத்தில் (மாவட்டத்தில் மனநலச் சேவை தரும் அரசுத் திட்டம்) அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, காலியானவை எந்தத் தேதியிலிருந்து காலி. கடந்த 12 மாதங்களில் அந்தத் திட்டத்தின் மனநலக் குழு உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு வந்த தேதிகள். மாதவாரியாகப் புதிய நோயாளிகள், பழைய நோயாளிகள் எண்ணிக்கை. மனநல மருந்துகள் இருப்பில் இல்லாத நாட்கள். நோயாளிகளின் பெயரை மட்டும் கேட்க வேண்டாம். தனிநபர் விவரம் என்று மறுப்பார்கள், அந்த மறுப்பு நியாயமானதும்கூட.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

பதில் வந்ததும் "நிரப்பப்பட்டது" என்ற சொல்லைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பணியிடம் நிரம்பியிருக்கும், மருத்துவர் "மாற்றுப்பணி"யில் வேறு ஊரில் இருப்பார். சுவரில் "மனநல மருத்துவர் வருகை: வியாழன்" என்று பலகை இருக்கும், வந்த தேதிகள் வருடத்துக்குப் பதினொன்றுதான் இருக்கும். உங்கள் கோரிக்கையின் உயிர்நாடி இந்தப் பலகைக்கும் பதிவேட்டுக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. பலகையைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள்.

இனி மனு. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "பொருள்" வரியில் மருத்துவமனையின் பெயரும் கோரிக்கையும். "பார்வை" வரியில் தகவல் சட்டப் பதிலின் எண், நாள். பிள்ளையைப் பற்றி மூன்று வரி போதும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18ஐக் காட்டுங்கள். மனநோய் உள்ளவர் சிகிச்சைக்காக நெடுந்தூரம் போக நேரக் கூடாது, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்கிறது அது. 2022 நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 5 ஆண்டுக்குள் எல்லா மாவட்டங்களிலும் தற்கொலைத் தடுப்புச் சேவை தரும் மனநல வெளிநோயாளர் பிரிவு என்று இலக்கு வைத்தது. அதையும் சேருங்கள்.

பள்ளி, கல்லூரி, விடுதி சார்ந்த கோரிக்கை என்றால் அது தனி மனு. மகளை இழந்த ஒரு தந்தை நடத்திய வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் தந்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், கண்காணிக்க ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு அமைந்ததா, எத்தனை முறை கூடியது என்றே கேளுங்கள்.

மனுவோடு நகல்களை மட்டும் இணையுங்கள். பிள்ளையின் அசல் புகைப்படம், நோட்டு, சான்றிதழ் எதையும் கொடுத்துவிடாதீர்கள். கோப்புக்குள் போனது திரும்பி வராது.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில், வாசலில் போலீஸார் பையைச் சோதிப்பார்கள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தும் பார்ப்பார்கள். யாரும் தீக்குளிக்க முயலக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உங்கள் வீட்டில் நடந்ததற்குப் பிறகு இது நெஞ்சை அறுக்கும். உறவுக்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். மனு எண் பதிந்த ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். "உரிய அலுவலருக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது" என்று முடித்துவைத்தால், அந்த எண்ணையே "பார்வை"யில் போட்டு மறுமனு.

கிராம சபைத் தீர்மானம் கூடுதல் பலம். சட்டமன்ற மனுக்கள் குழு உங்கள் மாவட்டத்துக்கு வருவதாக அறிவிப்பு வந்தால் 5 நகல்களோடு அனுப்பலாம். ஒரு மனுவில் ஒரே பிரச்சினைதான் இருக்க வேண்டும், வழக்கில் இருக்கும் விஷயமும் கூடாது.

நிருபரிடம் பேசும்போது எப்படி நடந்தது, எங்கே நடந்தது என்பதைச் சொல்லாதீர்கள். பிள்ளை எழுதிவைத்த கடிதம் இருந்தால் அதன் படத்தைக் கொடுக்காதீர்கள். அதே மனநிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளையை அந்த விவரம் தொட்டுவிடும். காலியிடக் கணக்கைக் கொடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம் என்பதையும் செய்தியில் போடச் சொல்லுங்கள். அந்த எண் உங்களுக்கும்தான்.

மருத்துவர் வரத் தொடங்கியதும் வேலை மாறுகிறது. முதல் மூன்று மாதம் யாராவது ஒருவர் அந்தக் கிழமையில் காலை 9 மணிக்குப் போய் உட்காருங்கள். மருந்துச் சாளரத்தில் 30 நாள் மாத்திரை கிடைக்கிறதா, 10 நாளுக்குக் கொடுத்து "மீதியை வெளியில வாங்கிக்குங்க" என்கிறார்களா என்று பாருங்கள். இந்த மருந்தைப் பாதியில் விட்டால் பலருக்கு நோய் திரும்பிவிடும். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்தை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் பிரிவு 18தான். மருத்துவர் தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால், தேதிகளைக் குறித்து அன்றைக்கே இணை இயக்குநருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்.