குளோஸ்பேட்டை கிரானைட்: மூன்றாவது கல் ஏட்டில் தெரிந்தவை

பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் வழியில் ராமநகரத்தைச் சூழ்ந்து நிற்கும் மொட்டைக் குன்றுகளின் கல்லை, ஒளி ஊடுருவும் மெல்லிய ஏடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும் என்று ஜூன் மாதம் தொடங்கிய வேலை, மூன்றாவது முயற்சியில் கைகூடியிருக்கிறது. அவ்வூரின் பழைய பெயரான குளோஸ்பேட்டையே இந்தக் கிரானைட்டுக்கும் பெயர். வடக்கு தெற்காக ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நீளும் இதன் வயது சுமார் 252 கோடி ஆண்டுகள். கர்நாடகத்தின் அடித்தளமான தார்வார் தொல்நிலம் என்னும் பழம்பாறைப் பரப்பின் கிழக்குப் பகுதியும் மேற்குப் பகுதியும் ஒன்றையொன்று நெருக்கி இணைந்த காலத்தில், கீழே உருகி மேலெழுந்த குழம்பு உறைந்து உருவான பாறை இது.

ராமதேவர பெட்டா பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம் என்பதால் அங்கே ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. சாலையோரத்தில் எல்லைக்கல் செதுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் கழிவுத் துண்டுகள் கேட்டேன். தருமபுரிப் பக்கத்துக்காரர். ஒரு பாளத்தைத் தட்டிக் காட்டி, “இந்தப் பக்கம் அடிச்சாதாங்க நேராப் பொளக்கும்” என்றார். அதன் காரணம் அருகிலிருந்த வெற்றுப் பாறைத்தரையிலேயே தெரிந்தது. இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள், சில 4 சென்டிமீட்டர் நீளத்தில், பெரும்பாலும் ஒரே திசை பார்த்துக் கிடந்தன. திசைகாட்டியை வைத்து 30 படிகங்களை அளந்ததில் 23 படிகங்கள் ஏறத்தாழ வடக்கு தெற்காக இருந்தன. பாதி உறைந்த கூழாக இருந்தபோதே இருபுறமும் நிலம் நெருக்கியதால், நீரோட்டத்தில் மிதக்கும் குச்சிகளைப்போல அவை வரிசைப்பட்டிருக்கின்றன.

தேய்ப்பதுதான் கடினம். கண்ணாடிப் பலகையில் சிலிக்கான் கார்பைடு தூளைத் தண்ணீரில் குழைத்து, முரட்டுத் தூளில் தொடங்கி மாவுபோன்ற தூள் வரை போக வேண்டும். ஏட்டின் தடிமன் 0.03 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும். முதல் ஏடு, கல்லில் ஈரம் இருந்ததால், பசையோடு உரிந்து வந்துவிட்டது. இரண்டாவதில் விரல் ஒருபக்கமாக அழுந்தியதால் ஒரு ஓரம் முழுவதும் கரைந்து போனது. மூன்றாவதை எட்டுப் போடுவதுபோல் நகர்த்தி, ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை அரைவட்டம் திருப்பித் தேய்த்தேன். பழுதான கால்குலேட்டரின் திரையிலிருந்து எடுத்த இரண்டு போலராய்டு படலங்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தால், குவார்ட்ஸின் நிறமே தடிமனைச் சொல்லிவிடும். பச்சையாக இருந்தது சிவந்து, மஞ்சளாகி, வெளிர்சாம்பலுக்கு வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

அப்போது கண்ட காட்சியை நான் மறக்கப்போவதில்லை. வெறும் கண்ணுக்கு ஒரே நிறமாக இருந்த ஃபெல்ட்ஸ்பாரில், கட்டம் போட்ட லுங்கியைப்போல குறுக்கும் நெடுக்குமாகச் சாம்பல் கோடுகள். மைக்ரோக்ளைன் என்னும் கனிமத்தின் அடையாளம் அது; ஆழத்தில் நெடுங்காலம் நின்று ஆறும் பாறையில் படிகத்தின் உள்ளமைப்பு மெல்ல மாறும்போதுதான் இந்தக் கட்டங்கள் உருவாகும். சட்டென்று ஆறும் எரிமலைக் குழம்பில் இதற்கு அவகாசம் கிடைக்காது. பழுப்பு நிறக் காக்காப்பொன்னுக்குள் ஒரு சிறு மணியைச் சுற்றிக் கருவளையம் தெரிந்தது. மணி சிர்கான், அதிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு சுற்றியுள்ள படிகத்தைச் சிதைத்து உண்டாக்கிய தழும்பே அந்த வளையம். யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்ற கணக்கின்படி, இந்த மணிக்குள் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதற்குள் ஈயமாகியிருக்க வேண்டும். பாறையின் வயதைக் கணக்கிடுவதும் இவ்விரண்டின் விகிதத்தை வைத்துத்தான்.

உருகுவதற்கான சூடு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பாறைத்தரையிலேயே தடயம் இருக்கிறது. இளஞ்சிவப்புக் கல்லுக்குள் கரிய முண்டுகள் ஆங்காங்கே பதிந்திருக்கின்றன. சிலவற்றின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் குழைந்து கலந்திருக்கிறது. மேலோட்டுக்குக் கீழேயுள்ள கவசம் (மேன்டில்) என்னும் அடுக்கிலிருந்து வந்த இரும்பும் மக்னீசியமும் மிகுந்த குழம்பு, மேலோட்டின் பழைய நைஸ் பாறைகளை (அழுத்தத்திலும் சூட்டிலும் உருமாறி வரிவரியான பாறைகளை) சூடேற்றி உருக்கி, அந்த உருக்கோடு தானும் கலந்தது என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். குழைந்த விளிம்புகளைத் தொட்டுப் பார்த்தபின் எனக்கு அதில் ஐயமில்லை.

இந்த நிலம் வடக்கு நோக்கிச் சாய்ந்து, தெற்கு முனை தூக்கலாக நின்று அதிகம் அரிக்கப்பட்டிருப்பதால், குளோஸ்பேட்டைப் பாறையின் மேல்மட்டம் வடக்கிலும் வேர் தெற்கிலும் தரைக்கு வந்துள்ளன. ஆகவே ராமநகரத்திலிருந்து கனகபுரா பக்கமுள்ள கப்பால் ஊருக்குச் செல்வது, கிரானைட்டின் நடுவிலிருந்து அதன் அடிக்கு இறங்குவதற்குச் சமம். ஒருகாலத்தில் சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை அங்கே நம் காலடியில் கிடக்கிறது. சாம்பல் நிற நைஸில் எண்ணெய் ஊறியதுபோல் கரும்பச்சைத் திட்டுகள் படர்ந்திருக்கும் அவ்வூர்க் கல் ஒன்றைச் சீவி, இம்முறை இரண்டு நாள் வெயிலில் உலர்த்திப் பசையில் ஒட்டியிருக்கிறேன். அது சார்னோக்கைட் என்னும் ஆழத்துப் பாறை என்றால், ஒற்றைப் படலத்தில் வைத்துத் திருப்பும்போது அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறித் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேய்க்கத் தொடங்குகிறேன்.