மாருதி 800 ஹெட் கேஸ்கெட் மாற்றம்: வேலைக் குறிப்பு

வண்டி கார்புரேட்டர் வகை மாருதி 800. எஃப்8பி எஞ்சின், 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. பிளாக் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) வார்ப்பிரும்பு, ஹெட் (அதை மேலே மூடும் பகுதி) அலுமினியம். சூடேறும்போது இரண்டும் ஒரே அளவில் விரியாது. அந்த இழுபறியைத் தாங்கிக்கொண்டு எரிப்பு வாயு, ஆயில், தண்ணீர் மூன்றையும் ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்வது, இரண்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் என்ற மெல்லிய தகடு. வண்டி ஒரு முறை மோசமாக ஓவர்ஹீட் ஆனால் போதும், ஹெட் வளைந்துவிடும்.

இந்த வண்டியின் அறிகுறிகள்: ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது, ஆனால் வெளியே எங்கும் சொட்டுவதில்லை. காலையில் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவது). எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வருகிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் ஈரப்பதத்தாலேயே அது வரும். டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் வெளுத்திருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த வண்டியில் டிப்ஸ்டிக் சுத்தம்.

கம்ப்ரெஷன் சோதனை: எஞ்சினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் வயரைப் பிடுங்கி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காவிட்டால் காற்று உள்ளே போகாது, எல்லா சிலிண்டரும் குறைவாகவே காட்டும். முதல் சிலிண்டரில் 12, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 7 (கிலோ/சதுர செ.மீ.). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து விழுந்தால், நடுவே உள்ள ஒல்லியான சுவரின் மேல் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டன் ரிங் தேய்மானமா என்று பார்க்க, பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். ரிங் தேய்ந்திருந்தால் அளவு ஏறும். இங்கே ஏறவில்லை.

வாங்கியவை: ஹெட் பேக்கிங் செட் (ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவர், இன்டேக், எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டுகள் சேர்ந்தே வரும்), தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), டைமிங் பெல்ட் (வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் பெல்ட்), ஆயில், ஃபில்டர், கூலன்ட். டைமிங் பெல்ட்டை எப்படியும் கழற்றத்தான் வேண்டும், பழையதையே மாட்டுவது வீண் சிக்கனம். டார்க் ரென்ச் (போல்ட்டை அளந்த விசையில் முறுக்கும் ஸ்பானர்) இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. கையில் இல்லாவிட்டால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. பேட்டரி நெகட்டிவ், தண்ணீர், ஹோஸ்கள், கார்புரேட்டர் இணைப்புகள், எக்ஸாஸ்ட் பைப். வாக்யூம் குழாய்களுக்கு மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும், அதன் உடல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றும் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். எக்ஸாஸ்ட் ஸ்டட்களுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் ஒடியும், அதை எடுப்பது தனி வேலை. பெல்ட்டைக் கழற்றும் முன் கேம், கிராங்க் இரண்டின் டைமிங் குறிகளையும் நேராக்கி ஒரு படம் எடுத்துக்கொள்ளவும்.

ஹெட் போல்ட் எட்டு. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். சூட்டில் தளர்த்தினால் நேராக இருக்கும் ஹெட்டும் வளையும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒரே மூச்சில் இல்லாமல் கால் சுற்று, அரைச் சுற்றாக. ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இடுக்கில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் புது கேஸ்கெட் அங்கேதான் ஒழுகும். மரத்துண்டு வைத்துப் பக்கவாட்டில் தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

எதிர்பார்த்த இடம்தான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கேஸ்கெட்டின் உலோக விளிம்பு கருகி, குறுக்கே ஒரு வழி விழுந்திருக்கிறது.

இனி வருவதுதான் வேலையில் பாதிக்கு மேல். சுத்தம் செய்வது. ஒர்க்‌ஷாப்பில் பலர் டிரில்லில் உராய்வு டிஸ்க் மாட்டித் தேய்ப்பார்கள். பளபளப்பாக வரும், நேரமும் மிச்சம். ஆனால் டிஸ்க் அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் பறிக்கும். அதிலிருந்து உதிரும் தூள் ஆயிலோடு போய் பேரிங்கை அரிக்கும். கேஸ்கெட் ரிமூவர் தடவி ஊறவிட்டு, பிளேடைப் படுக்கை வாட்டத்தில் பிடித்துச் சுரண்டி, தின்னர் நனைத்த பனியன் வேஸ்டால் துடைப்பதே போதும். அதற்கு முன் சிலிண்டர்கள், ஆயில் வழி, தண்ணீர் வழி எல்லாவற்றையும் துணி வைத்து அடைத்துவிட வேண்டும்.

பிளாக்கில் உள்ள போல்ட் துளைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடி மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அதற்கு வெளியேற வழி இல்லை. ஹெட்டை அழுத்தும் முன்பே டார்க் ரென்ச் ‘க்ளிக்’ என்றுவிடும். மோசமானால் பிளாக்கே விரிசல் விடும். சிரிஞ்சால் உறிஞ்சி, துணி சுற்றிய குச்சியால் துடைத்து, காற்றடித்து எடுக்கவும். மரையைச் சுத்தம் செய்ய, பழைய போல்ட் ஒன்றின் மரையில் நீளவாக்கில் இரண்டு வெட்டு போட்டுக் கையால் இறக்கி ஏற்றினால் அழுக்கு அந்த வெட்டில் தங்கி வந்துவிடும்.

அடுத்து மட்டம் பார்ப்பது. நல்ல ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாக்கில் இரண்டு ஓரம், குறுக்கே இரண்டு முனை, மூலைக்கு மூலை இரண்டு என ஆறு நிலையில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட வேண்டும். அனுமதி 0.05 மி.மீ. இந்த ஹெட்டில் மூலைவிட்டத்தில் 0.08 தாராளமாக நுழைந்தது. அதனால் ஃபேசிங்குக்கு (மெஷினில் முகத்தைச் சீவி மட்டமாக்குவது) போனது. ‘மட்டம் வரும்வரை மட்டும் எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுப்பது நல்லது. அதிகம் எடுத்தால் கம்ப்ரெஷன் ஏறும், கேம் கீழே இறங்குவதால் வால்வ் டைமிங்கும் இம்மியளவு தள்ளிப்போகும். திரும்பி வந்த ஹெட்டின் ஒவ்வொரு துளையையும் கழுவிக் காற்றடித்து, ஒளிந்திருக்கும் உலோகத் துகளை வெளியேற்ற வேண்டும். பிளாக்கின் முகத்தையும் அதே போல அளக்க மறக்காதீர்கள். இங்கே அது அளவுக்குள் இருந்தது.

பொருத்தும்போது ஹெட் கேஸ்கெட்டுக்கு எந்தப் பசையும் கிடையாது. சிலிக்கானோ ஷெல்லாக்கோ தடவினால் பிதுங்கி தண்ணீர் வழியை அடைக்கும். கேஸ்கெட்டில் ‘டாப்’ என்று அச்சிட்டிருக்கும். அது மேலே பார்த்தால் மட்டும் போதாது, கிராங்க் புல்லி பக்கமாகவும் இருக்க வேண்டும். ஹெட்டைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் டவல் பின் இரண்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஹெட்டை நேராக இறக்கவும். உட்கார்ந்த பிறகு அங்குமிங்கும் நகர்த்தக் கூடாது.

போல்ட் மரையில் ஒரு துளி ஆயில், அதிகமானதைத் துடைத்துவிடவும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி, எதிரெதிராக, முதல் சுற்று 20, அடுத்தது 40, கடைசியில் 55 முதல் 60 நியூட்டன் மீட்டர் (5.5 முதல் 6 கிலோகிராம்-மீட்டர்). ரென்ச்சைச் சீராக, நிறுத்தாமல் இழுக்க வேண்டும். வெட்டி வெட்டி இழுத்தால் அளவு பொய் சொல்லும்.

பெல்ட் மாட்டி, அதை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரைத் தளர்வாக விட்டு, கிராங்க்கை ஸ்பானரால் கடிகாரச் சுற்றில் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகே டென்ஷனர் போல்ட்டை முறுக்குங்கள். ஒரு பல் தள்ளியிருந்தால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். வால்வ் இடைவெளியை மேனுவலில் உள்ள குளிர்நிலை அளவுக்குச் சரிசெய்தாயிற்று.

டேப்பட் கவர் போல்ட்டுக்கு 4 முதல் 5 நியூட்டன் மீட்டர்தான். இது விரல் வலு. ஒழுகக் கூடாது என்று பயந்து இறுக்கினால் மூடி நெளியும், ரப்பர் ஓரம் பிதுங்கும், பிறகு ஒழுகியே தீரும். போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் கெட்டிப்பட்டிருந்தால் அதையும் மாற்றவும். கேஸ்கெட் மேல் விழும் பழி பாதி அதனுடையது.

கேஸ்கெட் ஏன் போனது என்று பார்க்காமல் மூடினால் இதே வேலை திரும்ப வரும். பழைய தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்து வெந்நீரில் போட்டால், கொதித்தும் பாதிதான் திறந்தது. ரேடியேட்டர் ஃபேன் உரிய சூட்டில் ஓடுகிறது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்ததால் அதுவும் மாற்றப்பட்டது.

கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி. மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட விட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை காற்றுக் குமிழிகளை வெளியேற்றியாயிற்று. இப்போது கம்ப்ரெஷன் 12.5, 12, 12. குமிழி நின்றுவிட்டது. இரவு நிறுத்தி மறுநாள் பார்த்தபோது ரிசர்வ் டேங்க் மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது. உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறியதால்தான். ஊற்றி நிரப்பிய பிறகு மட்டம் நிலையாக நிற்கிறது. போல்ட்டுகளை மறுபடி டார்க் பார்க்க வேண்டுமா என்பது கேஸ்கெட் வகையைப் பொறுத்தது, பேக்கிங் செட்டோடு வரும் தாள் சொல்வதைச் செய்யவும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நட்டுகள் மட்டும் சில சூடு, ஆறல் கண்ட பிறகு கொஞ்சம் தளர்ந்திருந்தன. ஆறிய நிலையில் மறுபடி முறுக்கியதும் ‘டிக் டிக்’ சத்தம் போய்விட்டது.