குடுவைப் பூஞ்சைகள்: விஷயம் பையோட சுவர்லதான் இருக்கு

செத்துப்போன மரக்குச்சி ஒண்ண எடுத்து லென்ஸ் வச்சு பார்த்தா பட்டை மேல பேனாவால புள்ளி வச்ச மாதிரி கறுப்பு கறுப்பா தெரியும், நிறைய பேர் அழுக்குன்னு நெனச்சு தூக்கி போட்டுடுவாங்க. அதுல பல புள்ளிகள் ஒரு பூஞ்சையோட கனிகள். பேரு பெரிதீசியம். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. பிளேடு வச்சு நெடுக்கா வெட்டி மைக்ரோஸ்கோப்ல பார்த்தா அப்படியே குடுவை: கீழ உருண்டையா வயிறு, மேல கழுத்து, கழுத்து நுனியில ஆஸ்டியோல்னு சொல்ற சின்ன வாய். வயித்தோட அடியிலேர்ந்து நீள நீளமா பைகள் நிமிர்ந்து நிக்கும், அதுதான் ஆஸ்கஸ். ஒவ்வொரு பையிலயும் வழக்கமா 8 ஸ்போர் (விதை மாதிரி பரவுற நுண்துகள்) இருக்கும்.

அது என்ன 8 கணக்குன்னா, பைக்குள்ள ரெண்டு நியூக்ளியஸ் (செல்லோட கரு) ஒண்ணா சேரும், அப்புறம் மியோசிஸ்ல (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகற செல் பிரிவுல) நாலாகும், அந்த நாலும் இன்னொரு தடவை பிரிஞ்சு எட்டாகும். நியூரோஸ்போராங்கற குடுவைப் பூஞ்சையில இந்த எட்டும் பிறந்த வரிசை மாறாம ஒரே லைன்ல நிக்கும், அதனால மியோசிஸ்ல ஜீன்கள் எப்படி பிரிஞ்சுதுன்னு பையை பார்த்தே படிச்சுடலாம், ஜெனடிக்ஸ்காரங்களுக்கு இத விட வேற என்ன வேணும். விஞ்ஞானிகள் பீடிலும் டேட்டமும் 1941ல ஜீனுக்கும் என்சைமுக்கும் இருக்கற தொடர்ப காட்டினது இந்த பூஞ்சைய வச்சுதான், 1958ல நோபல் பரிசும் வந்துச்சு.

இப்போ வகைப்பாட்டுக்கு வரேன், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். முன்னாடியெல்லாம் கனி குடுவை மாதிரி இருந்தா போதும், எல்லாத்தையும் பைரினோமைசீட்ஸ்னு ஒரே கூட்டத்துல போட்டுடுவாங்க. பழைய பாடப்புத்தகங்கள்ல இன்னும் அப்படித்தான் இருக்கும். 1932ல பூஞ்சை ஆராய்ச்சியாளர் நான்ஃபெல்ட், குடுவை எப்படி உருவாகுதுன்னு பார்க்கணும்னு சொன்னார். சிலதுல இனச்சேர்க்கை முதல்ல நடக்கும், அப்புறம்தான் அத சுத்தி சுவர் எழும்பும், இதுதான் உண்மையான பெரிதீசியம். வேற சிலதுல முதல்ல கெட்டியான ஒரு பூஞ்சைத் திசு உருவாகிடும், அதுக்குள்ள குழி விழுந்து அந்த குழியில பைகள் வளரும். இதுக்கு சூடோதீசியம்னு பேரு. வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது!

1951ல இன்னொரு பூஞ்சை ஆராய்ச்சியாளர் லட்ரெல் இன்னும் உள்ள போய் பையோட சுவரையே பார்த்தார். உண்மையான பெரிதீசியத்துல பைச்சுவர் ஒத்தையா வேலை செய்யும், நுனியில இருக்கற வளையம் வழியா ஸ்போர் பீச்சி வெளிய வரும். சூடோதீசியத்துல சுவர் ரெட்டை, வெளிச்சுவர் விறைப்பா இருக்கும், தண்ணி ஏறி அழுத்தம் கூடினதும் அது கிழியும், உள்சுவர் நீண்டுகிட்டே போய் குடுவை வாய் வரைக்கும் வந்து அங்கேர்ந்து சுடும். பின்னாடி டிஎன்ஏ வந்து சரிபார்த்தப்போ இந்த பிரிவு பெரும்பாலும் நின்னுச்சு: ஒத்தைச்சுவர் குடுவைகள்ல பெரும்பகுதி சார்டேரியோமைசீட்ஸ் வகுப்பு (இந்த பேர் 1997ல வந்தது), ரெட்டைச்சுவர்காரங்க பெரும்பாலும் டாத்திடியோமைசீட்ஸ். வெருக்கேரியா மாதிரி லைக்கன்கள்லயும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழற உயிர்) குடுவை உண்டு, ஆனா அது யூரோஷியோமைசீட்ஸ்ங்கற இன்னொரு வகுப்பு பக்கம். அதாவது குடுவை வடிவம் பரிணாமத்துல ஒரு தடவைக்கு மேல வந்திருக்கு, சில இடத்துல வாயே இல்லாத உருண்டையா மாறியும் போயிருக்கு. அதனால வெறும் வடிவத்த வச்சு உறவு சொல்றத நான் இப்போ ஏத்துக்கறதில்ல.

சார்டேரியோமைசீட்ஸுக்குள்ள என்னென்ன இருக்குன்னு பார்த்தா மலைப்பா இருக்கும். சைலேரியேல்ஸ்ங்கற வரிசையில குடுவைகள் கரி மாதிரி கறுத்த ஒரு பூஞ்சைத் திசுக் கட்டைக்குள்ள புதைஞ்சிருக்கும், வாய் மட்டும் வெளிய புள்ளியா தெரியும், அயோடின் விட்டா பலதுல பையோட நுனி வளையம் நீலமாகும். ஹைப்போக்ரியேல்ஸ் வரிசையில கனிகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு மெத்துன்னு இருக்கும், எறும்ப ஆட்டிவைக்கற ஓஃபியோகார்டிசெப்ஸும் கம்பு வகை தானியத்த விஷமாக்கற கிளாவிசெப்ஸும் இங்கதான். சார்டேரியா சாணத்துல வளரும், அதோட கழுத்து வெளிச்சம் வர்ற பக்கமா வளையும், பைகள் ஒவ்வொண்ணா வாய்க்கு வந்து ஸ்போர வெளிச்சத்த நோக்கி சுடும், ஸ்போர் திறந்த வெளிப்பக்கம் புல்லு மேல விழுந்து ஒட்டினாதான் அதோட சேர்ந்து அடுத்த மாட்டு வயித்துக்குள்ள போக முடியும்.

எல்லாமும் சுடாது. கீட்டோமியத்துல பைகள் உள்ளயே கரைஞ்சு ஸ்போர் கூழா வெளிய பிதுங்கும். ஓஃபியோஸ்டோமாவுக்கு கழுத்து ரொம்ப நீளம், அதோட நுனியில பிசுபிசுன்னு ஒரு சொட்டு நிக்கும், மரப்பட்டைக்குள்ள சுரங்கம் போடற வண்டு உரசிட்டு போனா ஒட்டிக்கும், எல்ம் மரங்கள கூட்டம் கூட்டமா அழிச்ச நோய் பரவினது இப்படித்தான். அமெரிக்க செஸ்ட்நட் மரங்கள தீர்த்துக்கட்டின கிரைஃபோனெக்ட்ரியாவும் குடுவைக்காரன்தான், 1904ல நியூயார்க்ல முதல்ல கவனிச்சாங்க.

பேர் குழப்பம் பத்தியும் சொல்லணும். இதுல நிறைய பூஞ்சைக்கு ரெண்டு முகம், குடுவை வைக்கற இனச்சேர்க்கை நிலை ஒண்ணு, இனச்சேர்க்கை இல்லாம சும்மா பொடியா ஸ்போர் விடற பாலிலா நிலை ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனி பேர் வச்சிருந்தாங்க. நெல்லுல ஜிப்ரெலின்ங்கற பயிர் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கற பூஞ்சைக்கு குடுவை நிலையில ஜிப்ரெல்லா, இன்னொரு நிலையில ஃபியூசேரியம். 2011ல மெல்போர்ன் மாநாட்டுல ஒரு பூஞ்சைக்கு ஒரே பேர்னு முடிவாச்சு, இப்போ அது ஃபியூசேரியம் ஃபியூஜிகுரோய். பழைய பேர்ல தேடினா பாதி தகவல்தான் கிடைக்கும், ரெண்டையும் போட்டு தேடுங்க.

நேர்ல பார்க்க ஆசைப்படறவங்க செத்த மரத்தோட அடியில விரல் மாதிரி நிக்கற சைலேரியாவுலேர்ந்து ஆரம்பிங்க, வெறும் கண்ணுக்கே தெரியும். ஆனா மேல வெள்ளையா சாம்பலா பொடி பூத்திருந்தா அது பாலிலா நிலை, வெட்டினா குடுவை இருக்காது. நல்லா கறுத்து மேற்பரப்பு சொரசொரன்னு ஆனதுக்கு அப்புறம் குறுக்க வெட்டுங்க, தோலுக்கு கொஞ்சம் கீழ வரிசையா கறுப்பு குடுவைகள் நிக்கும், நடுவுல வெள்ளை சதை.